மரவள்ளிக்கிழங்கும் மடிப்பு வைத்த பேண்ட்டும்

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை ராத்திரி, சிங்கப்பூர் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பழைய கடைவீட்டு மாடியில், சாப்பாட்டோடு சேர்த்து இரண்டாம் உலகப்போர்க் காலத்தைப் பற்றி ஒரு வெரைட்டி நிகழ்ச்சி (ஸ்கெட்ச் என்கிற குட்டி நாடகங்கள், பாட்டு, கோமாளித்தனம் எல்லாம் கலந்தது) பார்த்தோம். ஆளுக்கு 48 வெள்ளி, 60 வயது தாண்டியவர்களுக்கு 38. ஏழரைக்குத் தொடங்கி பத்தேகாலுக்கு முடிந்தது. நடத்துகிறவர்கள் ஒன்பது பேர், எல்லாரும் பகலில் வேறு வேலை பார்க்கிற பிள்ளைகள். கீழே நிறையக் குறை சொல்லப் போகிறேன், அதனால் குழுவின் பெயரைப் போடவில்லை. சின்னப் பிள்ளைகள், பிழைத்துப் போகட்டும்.

நான் நாடக விமர்சகி எல்லாம் இல்லை. தேக்கா சந்தை மாடியில் 31 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட ஆண்டுவிழா தொடங்கி பெரிய மேடை வரைக்கும் ராஜா, ராணி, எமன், போலீஸ் என்று எத்தனையோ பேருக்குத் தைத்தாகிவிட்டது. மேடையில் ஒருத்தர் வந்து நின்றால் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், எனக்கு முதலில் கண்ணில் படுவது கீழ்த்தையல்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கூட வந்தது அம்மா. வயது 92. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்தபோது ஒன்பது வயது. உண்மையில் எனக்கு இரண்டு இனாம் டிக்கெட் தருவதாகத் தெரிந்த பையன் ஒருவன் சொன்னான். அம்மா கேட்டவுடனே, "இனாம்னா நான் வரலை" என்றுவிட்டார். இது புதிதில்லை. சமூக மன்றத்தில் இனாமாகப் படம் போட்டால்கூட அவர் வந்ததில்லை. சரி என்று 48-ம் 38-ம் கொடுத்து வாங்கினேன். (எனக்கும் 38 வெள்ளி டிக்கெட் கிடைத்திருக்கும், போன மாதம்தான் 60 ஆனது. வாசலில் சொல்லக் கூச்சமாக இருந்தது.)

நிகழ்ச்சி அரங்கில் தொடங்குவதில்லை. கிச்சனர் ரோட்டில், சிட்டி ஸ்கொயர் மாலுக்கு முன்னால் சீரமைத்து வைத்திருக்கிறார்களே நியூ வோர்ல்டின் பழைய வாசல், அங்கேதான் கூடச் சொன்னார்கள். 1923-ல் திறந்த கேளிக்கைப் பூங்கா அது. அப்புறம் வந்தவைதான் கிரேட் வோர்ல்டும் கேலாங் பக்கத்து ஹேப்பி வோர்ல்டும். ஒரே மதிலுக்குள் சீன ஓப்பரா ஒரு பக்கம், பங்சாவான் என்கிற மலாய் நாடகம் ஒரு பக்கம், கபரே, குத்துச்சண்டை, ராட்டினம் எல்லாம் இருக்கும். இரும்புத் தொப்பி போட்ட ஒரு பெண் விசில் ஊதி எங்களை வரிசையாக நிறுத்தி, விமானத் தாக்குதல் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒத்திகை நடத்தினாள். 1941 டிசம்பர் 8 விடியற்காலையில் முதல் குண்டுகள் விழுந்தபோது சிங்கப்பூர் தெருவிளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன என்பதை அவள் சொன்ன விதம் நன்றாக இருந்தது. "எல்லாரும் விளக்கை அணையுங்க" என்று எங்களிடம் கத்திவிட்டு, பின்னால் ஜொலிக்கிற மாலைத் திரும்பிப் பார்த்தாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் சிரித்தது.

அம்மா அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது வழியா உள்ள போனேன். உங்க தாத்தா கைய விடாம பிடிச்சுக்கிட்டாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இனி முதல் குறை. அரங்கு மாடியில், லிஃப்ட் கிடையாது. முன்கூட்டியே ஃபோனில் கேட்டபோது "சமாளிச்சுக்கலாம் ஆண்ட்டி" என்றார்கள். சமாளித்தது எப்படி என்றால், இரண்டு நடிகர்கள் வேஷத்தோடு வந்து அம்மாவைச் சக்கரநாற்காலியோடு தூக்கிக்கொண்டு 19 படி ஏறினார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு படியிலும் உயிர் போய் வந்தது. முட்டி வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கழிப்பறையும் கீழேதான்.

சாப்பாடு நன்றாக இருந்தது. அவித்த மரவள்ளி, நெத்திலி சம்பால், சக்கரைவள்ளிக் கீரை தேங்காய்ப்பாலில், ஒரு துண்டு மரவள்ளிக் கேக், கோப்பி ஓ. ஜப்பான் காலத்துச் சாப்பாடாம். அம்மா ஒரு வாய் வைத்தார். பரிமாறின பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இது ஜப்பான் காலத்துக் கிழங்கு இல்ல, கல்யாண வீட்டுக் கிழங்கு" என்றார். பையன் முழித்தான். "அப்போ உப்பே கிடைக்கலை, தேங்காய்ப்பாலுக்கு எங்க போறது?" சொல்லிவிட்டுத் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். என் கேக்கையும். இந்த விலைக்கு அளவு கொஞ்சம் குறைவு, ருசியில் குறை இல்லை. ஆனால் ஏசியை அப்படி வைத்திருந்ததால் சம்பால் இரண்டு நிமிஷத்தில் ஆறிப்போனது. சால்வை எடுத்துப் போங்கள்.

முதல் பாதி லண்டன். இதுதான் நிகழ்ச்சியின் பலவீனம். போர் அறிவித்த அன்றே, 1939 செப்டம்பர் 3-ல், இங்கிலாந்தில் எல்லா அரங்கையும் அரசாங்கம் மூடச் சொன்னது, இரண்டு வாரத்துக்குள் லண்டன் விண்ட்மில் தியேட்டர் திறந்தது, அப்புறம் குண்டு விழுந்த ராத்திரிகளிலும் மூடவில்லை என்று தொகுப்பாளர் சொன்னார். படைவீரர்களுக்கும் தொழிற்சாலை ஆட்களுக்கும் பாட்டு, நாடகம் கொண்டுபோக என்சா என்று ஒரு அமைப்பு இருந்ததாம். அதன் ஆங்கிலச் சுருக்கெழுத்துக்கு அந்த ஊர்க்காரர்களே ஒரு கேலி விரிவு வைத்திருந்தார்கள், தமிழில் சொன்னால் 'தினம் ராத்திரி ஒரு கண்றாவி'. இந்த ஒரு வரிக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதற்கப்புறம் வந்த ஸ்கெட்ச் அந்தப் பெயரைக் காப்பாற்றியது.

தொழிற்சாலைக் கேன்டீனில் சாப்பாட்டு நேரம். வாளியை உருட்டிக்கொண்டு ஒரு துப்புரவுக்காரி வருகிறாள். பிபிசி வானொலியில் டாமி ஹாண்ட்லி நிகழ்ச்சியில் அப்படி ஒரு பாத்திரம் நாடு முழுக்கப் பிரபலமாக இருந்ததாம். அங்கே அவள் கதவைத் திறந்தாலே சிரித்திருப்பார்கள். இங்கே யார் சிரிப்பது? வார்த்தை விளையாட்டைத் தமிழில் மாற்றினால் வார்த்தை வருகிறது, விளையாட்டு வருவதில்லை. அந்தப் பெண் பாவம், நன்றாகத்தான் நடித்தாள். அவளை நம்மூர் அடுக்குமாடி ப்ளோக்கில் பெருக்குகிற அக்காவாக மாற்றியிருந்தால் பத்து மடங்கு எடுபட்டிருக்கும்.

இப்போது என் பேட்டைக்கு வருகிறேன். 1943-ல் நடக்கிற அந்த ஸ்கெட்சில் ஒரு குமாஸ்தா, "கூப்பன் சேர்த்து வாங்கின புது சூட்" என்று காட்டிப் பெருமைப்படுகிறான். நல்ல கட்டம்தான். இங்கிலாந்தில் 1941 ஜூன் 1-லிருந்து துணிக்கும் ரேஷன். முதல் வருஷம் ஆளுக்கு 66 கூப்பன். கோட்டுக்கு 13, உள்கோட்டுக்கு 5, பேண்ட்டுக்கு 8. ஒரு சூட் தைத்தால் 26 போய்விடும். மறுவருஷம் துணியை மிச்சப்படுத்த இன்னும் கெடுபிடி வந்தது. ப்ளீட் இத்தனைதான், பொத்தான் இத்தனைதான், ஆண்கள் பேண்ட்டின் அடியில் வெளிமடிப்பு கூடவே கூடாது. நம் குமாஸ்தாவின் புது பேண்ட்டிலோ இரண்டு விரல் அகலத்துக்கு மடிப்பு! அந்தக் காலத்தில் நீளமாக வாங்கி வீட்டில் களவாக மடித்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு என்று படித்திருக்கிறேன். ஆனால் இந்தக் குமாஸ்தா அப்படித் துணிச்சல்காரனாகத் தெரியவில்லை. வாடகைக்கு எடுத்த பேண்ட்டை அப்படியே மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

இது சின்ன விஷயம் இல்லையா என்று கேட்பீர்கள். போர்க்காலத்தைக் காட்ட சைரன் வேண்டாம், புகை வேண்டாம். முழங்கையில் ஒரு ஒட்டு, பொருந்தாத ஒரு பொத்தான், இரண்டு தரம் இறக்கித் தைத்த ஒரு பாவாடை. பழைய மடிப்புக் கோடு வெளுக்காமல் தெரியுமே, அது போதும். லண்டன் பாதியில் எல்லாத் துணியும் அன்றைக்குக் காலையில் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. போதாததற்கு, கணவன் இறந்த தந்தியை மனைவி படிக்கிற அமைதியான இடத்தில், திரைக்குப் பின்னால் யாரோ அவசரமாக உடை மாற்ற, 'சர்ரக்' என்று வெல்க்ரோ பிய்கிற சத்தம். கொக்கி வையுங்கள் கண்ணுகளா. கொக்கி சத்தம் போடாது.

இடைவேளைக்குப் பிறகு நம் ஊர். இங்கேதான் நிகழ்ச்சி எழுந்து உட்கார்ந்தது.

போர் இங்கே வருவதற்கு முன்பே சீனாவில் தொடங்கிவிட்டது. அங்கே நிவாரணத்துக்குப் பணம் திரட்ட நாடகக்காரர்களும் பாட்டுக் குழுக்களும் சிங்கப்பூருக்கு வந்து மேடையிலும் தெருவிலும் நடத்தினார்கள். அதில் 'சாட்டையைக் கீழே போடு' என்று ஒரு தெருநாடகம். நடிகை வாங் யிங் அதில் நடித்ததைத்தான் ஓவியர் சூ பெய்ஹோங் 1939-ல் இங்கே இருந்தபோது பெரிய படமாக வரைந்தார். கதை இவ்வளவுதான். ஊர்விட்டு ஊர் வந்த கூத்தாடி அப்பாவும் மகளும். பசியில் மகளுக்குப் பாட்டு வரவில்லை, அப்பா சாட்டையை ஓங்குகிறார். கூட்டத்தில் ஒருத்தன் எழுந்து தடுக்கிறான். அவனும் நடிகன்தான், கூட்டத்துக்குத் தெரியாது. அப்புறம் அந்த மகள், அப்பாவைத் திட்டாதீர்கள், எங்களை இப்படி ஆக்கினது படையெடுத்து வந்தவர்கள் என்று சொல்லுவாள்.

இதைத் தமிழில், அதுவும் எங்கள் மேசைகளுக்கு நடுவில் செய்தார்கள். தொகுப்பாளர் முன்விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை, மேலே நான் எழுதியது எல்லாம் முடிந்த பிறகு சொன்னது. அந்தப் பெண்ணின் தாவணியில் மூன்று இடத்தில் ஒட்டு, ஒவ்வொன்றும் வேறு வேறு நூலில். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. அப்பா வேஷக்காரர் சாட்டையை ஓங்கினார். பக்கத்து மேசையில் எங்களோடு கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அவன் வாயைத் திறக்கும் முன்பே என் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"டேய்! விடுடா பிள்ளைய!"

அம்மா. சக்கரநாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டார். சாட்டை அந்தரத்தில் நின்றது. எழுந்த பையன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான், அவன் வசனத்தைத்தான் அம்மா சொல்லிவிட்டாரே. இரண்டு மூன்று வினாடி அரங்கில் சத்தமே இல்லை. அப்பா வேஷம் போட்டவருக்குத்தான் பாராட்டு. சாட்டையைத் தாழ்த்தி, அம்மா பக்கம் நடந்து வந்து, "நாலு நாளா சோறு இல்லம்மா. நான் யாரை அடிக்கிறது, சொல்லுங்க" என்றார். எழுதி வைத்த வசனம் இல்லை என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மா என் தட்டில் மிச்சம் இருந்த கிழங்கை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் வாங்கிச் சாப்பிட்டாள். நிஜமாகவே அழுதுகொண்டே சாப்பிட்டாள். வெல்க்ரோவை நான் அந்த இடத்தில் மன்னித்துவிட்டேன்.

அடுத்தது பங்சாவான். பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பினாங்கு பக்கம் உருவான மலாய் நாடகம் அது. நம் சங்கரதாஸ் சுவாமிகள் கால நாடகமும் அதே பார்சிக்காரர்களிடம் கடன் வாங்கியதுதான் என்பதால், படுதாவும் ஹார்மோனியமும் பபூனும் பார்த்தவுடன் நமக்குச் சொந்தம் போலத் தெரியும். தர்பார் படுதாவை ஏற்றிக் காட்டுப் படுதாவை இறக்குகிற நேரத்தில், திரைக்கு முன்னால் ஒரு பாட்டோ ஆட்டமோ கோமாளித்தனமோ நடக்கும். அதற்குப் பெயரே 'எக்ஸ்ட்ரா டர்ன்'. ஜப்பான்காரர்கள் சிங்கப்பூருக்கு சியோனான் என்று பெயர் வைத்து ஆண்ட காலத்திலும் பங்சாவான் நிற்கவில்லை. பூங்காக்களில் சூதாட்டத்துக்கு அனுமதி கொடுத்து ஜனங்களின் கையில் இருந்ததை உருவிக்கொண்டே, பக்கத்தில் நாடகமும் நடக்கவிட்டார்கள்.

பபூனாக வந்த பையன் பிரமாதம். ஒரு சாக்கு நிறைய வாழைமர நோட்டு (வாழைமரப் படம் போட்ட ஜப்பான் காலத்துப் பணம்) தூக்கிக்கொண்டு உள்ளே போய், ஒரே ஒரு முட்டையோடு வெளியே வந்தான். கையில் கடிகாரம். ஜப்பான்காரர்கள் டோக்கியோ நேரத்தை இங்கே கொண்டுவந்து முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள் அல்லவா? "மணி எட்டுங்கறான். சூரியன் ஆறரைங்கறான். என் வயிறு மட்டும் பிரிட்டிஷ் டைம்லயே நிக்குது" என்றான். அம்மா சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றது. பத்து வயதில் இதே நியூ வோர்ல்டில் முகமெல்லாம் மாவு பூசின ஒரு கோமாளியைப் பார்த்ததாகவும், அவன் பேசின பசார் மலாய் (சந்தைப் பேச்சு மலாய்) முழுக்கப் புரிந்ததாகவும் சொன்னார். நடுவில் படுதா உண்மையாகவே சிக்கிக்கொண்டது. கயிறு பிரியும் வரை நாலைந்து நிமிஷம் பபூன் தனியாகச் சமாளித்தான், பாதி பேர் அதையும் நாடகம் என்றே நினைத்தார்கள்.

சாங்கி சிறைமுகாம் பகுதி சின்னது, அழகு. ஜப்பான்காரர்களிடம் பிடிபட்ட ஆஸ்திரேலியக் கைதிகள் முகாமுக்குள்ளேயே கச்சேரிக் குழு வைத்து நாடகம் போட்டார்கள், பெண் வேஷமும் அவர்களே. நம் ஊர் ஸ்திரீபார்ட்டேதான். பழைய கொசுவலையில் தைத்த பாவாடை ஒன்று போட்டு வந்தான் ஒருவன். கொசுவலையைச் சுருக்கு வைத்துத் தைப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும், ஊசி நிற்காது. தைத்தது யார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படைப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் கேப்டன் லட்சுமி தலைமையில் முகாம் திறந்த கதை. காக்கிச் சீருடையின் கஞ்சி நன்றாக இருந்தது, வசனம் முழுக்க முழக்கம்.

கடைசி ஸ்கெட்ச் மேடையில் ஆறு நிமிஷம்தான். ஜோகூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். தப்பட்டை அடித்து அறிவிக்கிறார்கள், இன்று ராத்திரி படம் காட்டுகிறோம், இனாம், எல்லாரும் வாருங்கள். ஜனங்கள் உள்ள துணியில் நல்லதை உடுத்திக்கொண்டு வந்து வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்காருகிறார்கள். விளக்கு அணைகிறது. படம் வரவில்லை, லாரி எஞ்சின் சத்தம் வருகிறது. ஜப்பான்காரர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஆள் பிடித்த கதை. 415 கிலோமீட்டர், நம் ஆட்கள் பல்லாயிரம் பேர். திரை மட்டும் வெள்ளையாக நின்றது. கைதட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவின் சித்தப்பா அப்படித்தான் போனார் என்பது வீட்டில் எனக்குத் தெரிந்த செய்திதான். தோட்டத்தில் இருந்தார், சயாமுக்குப் போனார், திரும்பவில்லை. எப்படிப் பிடித்தார்கள் என்று நானும் கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. விளக்கு வந்ததும் அம்மா சொன்னது ஒன்றுதான். "வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போனாரு. படம் பாக்கப் போறோம்ல."

வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள். இரண்டாம் பாதிக்கே 48 வெள்ளி தகும். தூணுக்குப் பின்னால் இருக்கிற 4, 5 மேசைகளைத் தவிர்த்துவிடுங்கள். நடுவில் உட்கார்ந்தால் சாட்டை தலைக்கு மேலே போகும். இன்னும் மூன்று சனிக்கிழமை இருக்கிறது.

வெளியே வரும்போது வாசலில் நின்ற பெண்ணிடம் பேண்ட் விஷயத்தைச் சொல்லி, கடைக்குக் கொண்டுவந்தால் மடிப்பைப் பிரித்துத் தருகிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை குமாஸ்தாவே பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். இருபது நிமிஷ வேலை. காசு வாங்கவில்லை. அம்மா உள்ளே உட்கார்ந்து பொத்தான் பிரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாட்டி, அடுத்த சனிக்கிழமை வர்றீங்களா? அதே இடத்துல நீங்க கத்தணும். உங்களுக்கு டிக்கெட் ஃப்ரீ."

அம்மா பொத்தான் டப்பாவை மூடினார். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நோட்டுகளைப் பிரித்து மேசையில் வைத்தார். நாலு பத்து வெள்ளி.

"ரெண்டு வெள்ளி மீதி குடு" என்றார்.